தலைக்கு மாவு தூவுவதும் தலைக்குக் குளிப்பதும் ஒன்றல்ல

(சூரமங்கலத்தில் நடந்த பெண்கள் நலக் கூட்டத்தில் எங்கள் அறக்கட்டளையின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை. அன்று வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)





போன கூட்டத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் நாலைந்து பேர் தனியாக வந்து கேட்டது சர்க்கரையைப் பற்றி அல்ல. "டிரை ஷாம்பு போடலாமா? போட்டால் முடி கொட்டுமா? அதைப் போட்டுக்கொண்டு தொழலாமா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர், "ஷாம்பு எங்கேயாவது காய்ந்து போய் இருக்குமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. அதனால்தான் இன்றைக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறோம். டிரை ஷாம்பு என்பது தண்ணீர் இல்லாமல் தலையில் போடுகிற பொருள். இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, சென்ட் பாட்டில் மாதிரி அழுத்தினால் புஸ் என்று அடிக்கிற டப்பா. இன்னொன்று, டால்கம் பவுடர் மாதிரி தூவுகிற பொடி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையில் இதை அடித்து, இரண்டு நிமிடம் விட்டு, விரலால் தேய்த்துச் சீவினால் முடி குளித்த முடி மாதிரி உதிரியாகத் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. "தெரியும்" என்று சொன்னோம், கவனித்தீர்களா? அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது என்ன? பெரும்பாலும் மாவுச்சத்துதான். அரிசியில் எடுத்தது, மக்காச்சோளத்தில் எடுத்தது, சிலவற்றில் மரவள்ளியில் எடுத்தது. மரவள்ளி என்றால் வேறொன்றும் இல்லை, நம்முடைய குச்சிக்கிழங்கு. அந்தக் கிழங்கு மாவுக்கு இந்தியாவிலேயே பெயர் போன ஊர் நம் சேலம். 1943இல் சேலம் மாணிக்கம் செட்டியார் தொடங்கிவைத்த தொழில் இது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிற சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் ஏற்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நோன்புக் காலத்தில் ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சுகிறோமே, அதே கிழங்கின் மாவுச்சத்து மாதிரியான ஒன்றைத்தான் அழகான டப்பாவில் அடைத்து, வாசனை சேர்த்து, சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். விற்கட்டும், வியாபாரம். நாம் என்ன வாங்குகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். சமையலறைத் தரையில் எண்ணெய் கொட்டிவிட்டால் என்ன செய்கிறோம்? கொஞ்சம் மாவைத் தூவுகிறோம். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அதை அள்ளிப் போடுகிறோம். அதற்கப்புறம் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம் இல்லையா? மாவைத் தூவியதோடு விட்டுவிட்டு, அதன் மேலேயே பாயை விரித்துப் படுப்போமா? தலையில் அதைத்தான் சிலர் செய்கிறார்கள். முடியின் மேல் இருக்கிற எண்ணெயில் ஒரு பகுதியை மாவு எடுத்துக்கொள்கிறது. ஆனால் வியர்வை உப்பு போகாது. உதிர்ந்த தோல் செதில் போகாது. ரோட்டுப் புழுதி போகாது. தூவிய மாவிலும் ஒரு பங்கு முடியின் அடியிலேயே தங்கிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் முக்காட்டுக்குள் வியர்த்தால் அந்த மாவு என்ன ஆகும்? குழைந்து பசையாகும். மறுநாள் அதன் மேல் இன்னொரு தடவை அடித்தால் பசையின் மேல் பசை. அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தலை என்று சொன்னால் நாம் முடியைத்தான் நினைக்கிறோம். முடி உயிரில்லாத பொருள். வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது அடியில் இருக்கிற தோலுக்கு. முகத்தில் இருக்கிற மாதிரி அதுவும் தோல்தான், முகத்தைவிட எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கிற தோல். ஒரு லட்சம் முடி வரைக்கும் அதில் வேர் விட்டிருக்கிறது. முகத்தை ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்யும்போது கழுவுகிறோம். தலைக்கு ஈரக்கையால் மஸஹ் செய்கிறோம், அது ஒளுவுக்கு உரிய கடமை. ஆனால் அது தலையைக் கழுவியதாக ஆகாது. தலைக்கு ஊற்றுவது தனி வேலை, அதை வாரத்துக்கு எத்தனை நாள் செய்கிறோம்?

இதில் ஒரு பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது. "தலைக்குக் குளித்தால் முடி கொட்டுகிறது. குளியலறைச் சாக்கடை வாயில் முடி முடியாக அடைக்கிறது" என்று சொல்லி, வாரம் ஒரு நாள் என்று இருந்ததைப் பத்து நாளுக்கு ஒன்று, பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தள்ளிப்போடுகிறார்கள். நடுவில் டிரை ஷாம்பு. ஒருவருக்கு ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஏற்கெனவே வேரை விட்டுக் கழன்று, மற்ற முடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு இருப்பவைதான் தண்ணீர் ஊற்றும்போது வெளியே வருகின்றன. பத்து நாள் குளிக்காமல் இருந்தால் பத்து நாள் முடி சேர்ந்து வரும். பார்க்கும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அது தண்ணீர் பிடுங்கிய முடி அல்ல.

நம் பகுதியில் ஒரு பிள்ளை. நர்சிங் படிக்கிறாள். காலை ஏழு மணி பஸ். தலைக்கு ஊற்றினால் முடி காய நேரமில்லை. ஈரத்தோடு ஹிஜாப் கட்டினால் நாள் முழுக்க நாற்றம். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் குளியல், மற்ற நாளெல்லாம் டிரை ஷாம்பு. பிறகு ஞாயிறும் விட்டுப்போனது. மேலுக்கு மட்டும் ஊற்றிக்கொள்வாள். வெளியே பார்த்தால் முடி உதிரியாக, வாசனையாக இருக்கும். ஹிஜாபுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்று மாதம் கழித்து அவளுடைய அம்மா எண்ணெய் தேய்க்க உட்கார வைத்துக் கூந்தலைப் பிரித்துப் பார்த்தபோது, உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் மஞ்சள் செதிலாக அடை அடையாகப் பிடித்திருந்தது. நகம் பட்ட இடமெல்லாம் புண். "அரிக்கிறது என்று சொல்லக்கூடாதா?" என்று அம்மா கேட்டதற்கு, "ரூமில் எல்லாரும் இருப்பாங்கம்மா, எப்படிச் சொறிவது, யாரிடம் சொல்வது?" என்றாளாம். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, முற்றிய பொடுகு என்று சொல்லி, மருந்து ஷாம்பு எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

டிரை ஷாம்பு அவளுக்குப் பொடுகைக் கொடுத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பொடுகு ஏன் வருகிறது என்றால், நம் எல்லார் தலையிலும் மலசீசியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருக்கிறது. தலையில் சுரக்கிற எண்ணெயைத் தின்று வாழ்கிறது. சிலருடைய தோலுக்கு அது விடுகிற கழிவு ஒத்துக்கொள்ளாது. தோல் வேகவேகமாக உரியும். அதுதான் பொடுகு. எண்ணெய், வியர்வை, காற்றுப் புகாத ஈரம், மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்தப் பிள்ளைக்கு டிரை ஷாம்பு செய்த கெடுதல் ஒன்றே ஒன்றுதான். கழுவாத தலையைக் கழுவிய தலை மாதிரி மூன்று மாதம் காட்டிக்கொண்டிருந்தது.

இதே இடத்தில் எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பொடுகு என்றாலே வீட்டில் பெரியவர்கள் "தலை காய்ந்து கிடக்கிறது, எண்ணெய் வை" என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பொடுகு இருக்கிற தலையில் ராத்திரி முழுக்க எண்ணெயை ஊற விடுவது அந்தப் பூஞ்சைக்குச் சோறு போடுகிற மாதிரி. பொடுகு ஆறுகிற வரைக்கும் எண்ணெயை நிறுத்தி வையுங்கள். பொடுகு இல்லாதவர்கள் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேய்த்து ஊறவைத்துக் குளிப்பதில் தவறில்லை.

மருந்துக் கடையில் கேட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு முதல் நான்கு வாரம். தலையில் போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் விட வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டு, "கேட்கவே இல்லை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அந்த ஐந்து நிமிடம்தான் மருந்து வேலை செய்கிற நேரம். ஒரு எச்சரிக்கை. கடைக்காரரிடம் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்குகிற கலப்பு ஆயின்மென்ட்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு பூஞ்சைக் காளானை அதுவே வளர்த்துவிடும். மருத்துவர் எழுதாமல் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

சரி, டிரை ஷாம்பு ஒன்றுக்குமே உதவாத பொருளா? அப்படியும் இல்லை. உண்மையாகவே தண்ணீர் ஊற்ற முடியாத தலைகள் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்காமல் படுத்திருப்பவர், பக்கவாதத்தில் கிடக்கிற வயதானவர், காய்ச்சலில் எழுந்திருக்க முடியாதவர். சிசேரியன் ஆன பெண் எழுந்து நடமாடும் வரை நாலைந்து நாள். இவர்களுக்குக் கொஞ்சம் பொடி தூவிச் சீவிவிட்டால் பிசுக்கு குறையும், மனசுக்கும் தெம்பாக இருக்கும். படுக்கையில் இருக்கிறவருக்கு யாராவது தலை சீவிவிட்டாலே முகம் மாறிவிடும், பார்த்திருக்கிறோம். அப்புறம், அவசரமாக ஒரு நிக்காஹுக்குக் கிளம்ப வேண்டும், தலைக்கு ஊற்றினால் காயாது என்றால், ஒரு நாள் போட்டுக்கொண்டு போனால் ஒன்றும் குறைந்துவிடாது. வந்ததும் ராத்திரியோ மறுநாளோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். நாங்கள் கணக்காகச் சொல்வது இதுதான்: ஒரு தடவை தூவினால் அடுத்தது தண்ணீர். தூவியதன் மேல் தூவுவது வேண்டாம்.

பிரசவித்த பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது நாள் தலைக்கு ஊற்றக்கூடாது என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். ஜன்னி வரும் என்ற பயம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து உடனே துவட்டிக் காயவைத்தால் ஜன்னி வராது. பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். கர்ப்பக் காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடிதான் சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகும். குளித்ததால் வந்ததும் இல்லை, கண் திருஷ்டியும் இல்லை. ஆனால் ரத்தம் குறைவாக இருந்தாலும் தைராய்டு கோளாறு இருந்தாலும் முடி கொட்டும். கொட்டுவது நிற்காவிட்டால் இரண்டையும் பரிசோதித்துப் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள்.

இனி டப்பாவில் அடித்துக்கொள்கிற வகையைப் பற்றி. பொடியைவிட இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மாவை வெளியே தள்ளுவதற்காக உள்ளே வாயுவை அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். என்ன வாயு? பெரும்பாலும் பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன். நம் அடுப்புச் சிலிண்டரில் இருப்பதும் பியூட்டேனும் புரொப்பேனும்தான். அடுப்பு எரிகிற சமையலறையில் நின்றுகொண்டு அதைத் தலையில் அடித்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நம் பிள்ளைகள் கட்டுகிற துப்பட்டாவும் ஹிஜாபும் பாதிக்கு மேல் பாலியஸ்டர். ஊதுபத்தி, சாம்பிராணித் தட்டு, கொசுவர்த்தி, முடி நேராக்குகிற சூடான இயந்திரம், எது பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வெயிலில் நிற்கிற காரிலோ வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் மூடிய கார் அந்த அளவுக்குச் சூடாகிவிடும். கதவடைத்த குளியலறையிலும் அடிக்கக்கூடாது, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

இன்னொரு செய்தி. சிலர் செல்போனில் பாதி படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறார்கள், அதனால் முழுதாகச் சொல்கிறோம். 2021 டிசம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அமெரிக்காவில் தன்னுடைய பான்டீன், ஹெர்பல் எசன்சஸ், ஆஸி முதலிய பெயர்களில் விற்ற டிரை ஷாம்பு ஸ்பிரேக்களைத் திரும்பப் பெற்றது. 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனம் அங்கே டவ், டிரெசமே முதலிய பெயர்களில் 2021 அக்டோபருக்கு முன் தயாரித்த சில டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. காரணம் பென்சீன். இது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள். அது மாவில் இருந்து வரவில்லை, வாயுவில் இருந்து வந்தது. பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கிற வாயு என்பதால் சரியாகச் சுத்தப்படுத்தாவிட்டால் பென்சீன் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கண்டுபிடித்த அளவு உடல்நலத்துக்குக் கேடு செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை, முன்னெச்சரிக்கையாகத்தான் திரும்பப் பெறுகிறோம் என்று அந்த நிறுவனங்கள் சொல்லின. அது அமெரிக்காவில் விற்ற குறிப்பிட்ட டப்பாக்களைப் பற்றிய செய்தி. அதை வைத்து ஒரு தடவை அடித்துக்கொண்ட பிள்ளை ராத்திரி தூங்காமல் அழ வேண்டியதில்லை. ஆனால் தினமும் முகத்துக்குப் பக்கத்தில், மூடிய அறையில், வருடக்கணக்கில் அடித்துக்கொள்கிற பொருளா இது என்று யோசிக்க அது போதும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பொடி வகையை வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்து கொடுக்கிற பழைய டப்பாக்களை, "சும்மா கிடைத்தது" என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

மார்க்கம் சம்பந்தமான கேள்விக்கு வருவோம். இதை நாங்களாகச் சொல்லவில்லை, நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம். கடமையான குளிப்பில் தண்ணீர் முடியின் வேருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்தில் டிரை ஷாம்பு நிற்காது. ஒரு பிள்ளை, "தண்ணீர் இல்லாத நேரத்தில் மண்ணால் தயம்மும் செய்கிறோமே, அது மாதிரி தலைக்கு இதா?" என்று கேட்டாள். கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் தயம்மும் முகத்துக்கும் கைகளுக்கும் உள்ளது, அதன் சட்டமே வேறு. இதோடு அதைச் சேர்க்க முடியாது. தலையில் பசையாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கிற அளவுக்கு எது இருந்தாலும் அதை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குளிப்பை நிறைவேற்ற வேண்டும். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இஹ்ராமில் வாசனைப் பொருள் கூடாது. இந்த டப்பாக்கள் பெரும்பாலும் வாசனை கலந்தவை. பயணக் களைப்பில் மறந்துபோய் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கைப்பையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

அப்படியென்றால் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு என்ன வழி? இதுதான் நியாயமான கேள்வி. ராத்திரி குளியுங்கள். இஷாவுக்கு முன்னால் தலைக்கு ஊற்றித் துவட்டி, ஃபேன் காற்றில் விரித்துவிட்டால் படுப்பதற்குள் காய்ந்துவிடும். "ராத்திரி குளித்தால் சளி பிடிக்கும்" என்பார்கள். சளி பிடிப்பது கிருமியால், குளித்ததால் அல்ல. ஆனால் ஈரத் தலையோடு படுக்கக்கூடாது, ஈரத் தலையோடு ஹிஜாபும் கட்டக்கூடாது. எண்ணெய் அதிகம் சுரக்கிற தலைக்கு வாரம் மூன்று நாள், மற்றவர்களுக்கு இரண்டு நாள். ஹிஜாபுக்கு உள்ளே கட்டுகிற குல்லா பருத்தியாக இருக்கட்டும், தினம் மாற்றித் துவையுங்கள். கொண்டையை இறுக்கி ஒரே இடத்தில் போடாதீர்கள். நெற்றியோர முடி வருடக்கணக்கில் இழுபட்டால் வேரே செத்துவிடும், பிறகு வளராது. வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, தலைத்தோலில் காற்றுப் படவிடுங்கள். ஹிஜாபால் முடி கொட்டுகிறது என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். துணி குற்றவாளி அல்ல, ஈரமும் இறுக்கமும்தான்.

எதைப் போட்டுக் குளிப்பது என்பதில் நாங்கள் பெரிய சண்டைக்கு வரமாட்டோம். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அரப்புதான். உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்த தூள். சீயக்காய் மாதிரியே அதிலும் இயற்கையாக நுரைக்கிற சத்து இருக்கிறது, எண்ணெயை எடுக்கும். நல்ல பொருள். ஆனால் சல்லடையில் சலித்துப் போடுங்கள், திப்பி திப்பியாக இருந்தால் தோலைக் கீறும், நன்றாக அலசாவிட்டால் அதுவும் தலையிலேயே தங்கும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருக்களில் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். நுரைக்காது, வெள்ளையாகப் படியும். ஷாம்பு பரவாயில்லை. கடைசி இரண்டு சொம்பு மட்டும் மேட்டூர்த் தண்ணீராக இருந்தால் முடி சிக்காமல் இருக்கும். இரண்டு ரூபாய் பாக்கெட் ஷாம்பு போதும். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கூலிக்காரக் குடும்பங்களுக்கும் எட்ட வைத்ததே நம் கடலூர்ப் பக்கத்துச் சின்னி கிருஷ்ணன்தான். ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டுச் சொல் என்பது தெரியுமா? அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கிற "சாம்போ" என்ற இந்திச் சொல். பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்துக்குப் போய், 1814 வாக்கில் பிரைட்டன் ஊரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் கொண்ட குளியல் நிலையம் தொடங்கினார். அங்கேயுள்ள அரசர்களுக்கே "ஷாம்பு வைத்தியராக" நியமனம் பெற்றார். நம்மவர் ஒருவர் தண்ணீரை வைத்துப் பேர் வாங்கிய வேலை, இன்றைக்குத் தண்ணீரே இல்லாமல் டப்பாவில் வருகிறது!

ஆண் பிள்ளைகளின் தாய்மார்கள், இது பெண்கள் சமாசாரம் என்று கொட்டாவி விடாதீர்கள். பள்ளிவாசல் வாசலில் ஒரு பெட்டியில் பொதுத் தொப்பிகள் கிடக்கும். யார் யாரோ போட்டுக் கழற்றிய தொப்பி. பேனும் படர்தாமரையும் ஒரு தலையில் இருந்து இன்னொரு தலைக்குப் போக அதுவும் ஒரு வாகனம். பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு தொப்பி வாங்கிக் கொடுத்து, மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். மதரஸா விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சீப்பும் தலையணை உறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். பொதுத் தொப்பிகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கும்படி நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறோம், செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குத் தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி உடைந்து, செதிலாக ஆனது. புழுவெட்டு என்று நினைத்து வீட்டில் சின்ன வெங்காயத்தைத் தேய்த்தார்கள். பிறகு கடை ஆயின்மென்ட். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று தொப்பியைப் போட்டு மூடினார்கள். ஐந்தாறு வாரத்தில் அந்த இடம் புடைத்துச் சீழ் கோத்து, கழுத்தில் நெறி கட்டிவிட்டது. கட்டி என்று கீறப் போனார்கள். நல்லவேளை, அதற்கு முன்னால் ஒரு மருத்துவர் பார்த்தார். அது கட்டி அல்ல, தலையில் வருகிற படர்தாமரை முற்றிய நிலை. அதற்கு மேல்பூச்சு மட்டும் போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள்ளேயே போய்விடும், களிம்பு அவ்வளவு ஆழம் போகாது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால்தான் போகும். பையனுக்குக் குணமாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு இடத்தில் முடி திரும்ப வரவில்லை, தழும்பாக நின்றுவிட்டது. முதல் வாரத்திலேயே காட்டியிருந்தால் தழும்பு வந்திருக்காது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளிக்கிழமை குளிக்க வைக்கும்போது, பிள்ளைகளின் தலையை வெளிச்சத்தில் உட்கார வைத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில். ஈர் ஒட்டியிருந்தால் பேன் மருந்து போட்டு, பேன் சீப்பால் வாரி, ஏழு முதல் பத்து நாளில் மறுபடியும் ஒரு தடவை மருந்து போட வேண்டும். முதல் தடவையில் சாகாத ஈர் பொரித்து வருவதற்காகத்தான் இரண்டாவது தடவை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் பார்த்துப் பயனில்லை. வட்டமாக முடி போன இடம், சீழ், புண், ஒரு மாதமாகியும் போகாத செதில், கொத்தாக உதிர்தல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

போவதற்குத்தான் நம் பெண்கள் தயங்குகிறார்கள். தலையைத் திறந்து காட்ட வேண்டுமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கூச்சத்துக்காக ஆறு மாதம் முக்காட்டுக்குள் அவதிப்படுவதை மார்க்கம் கேட்கவில்லை. சிகிச்சைக்காகக் காட்ட வேண்டிய இடத்தைக் காட்ட அனுமதி இருக்கிறது என்பதையும் ஹஜ்ரத் சொன்னார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போக வேண்டும். பெண் மருத்துவர் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். தனியாகப் போகத் தயங்குகிற பிள்ளைகள் எங்கள் குழுவில் உள்ள சகோதரிகளிடம் சொல்லுங்கள், ஒருவர் கூடவே வருவார். விஷயம் வெளியே போகாது. போகும் நாளில் தலையில் எண்ணெயோ டிரை ஷாம்புவோ எதுவும் போடாமல், இருக்கிறபடியே போங்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.